துரைக்குச் சளி இல்லை

துண்டை எடுத்துராதீங்க தம்பி. கையையும் கம்பிக்கிட்ட கொண்டு போவாதீங்க, கடிச்சுப்போடும். இந்தா, என் விரலைப் பாருங்க. தினமும் கொய்யா நறுக்கிக் குடுத்த விரலு.

ஆமா, கிளிதான். பச்சைக்கிளி. மெதுவாப் பேசுங்க, கண்டக்டர் காதுல விழுந்துரப் போவுது. கோழிக்குஞ்சுன்னு சொல்லி ஏறியிருக்கேன். பச்சைக்கிளி வீட்டுல வளக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்காம்லா? எனக்கு இப்பந்தான் தெரியும், மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். இத்தனை வருஷமா ஊரறிய வாசல்ல தொங்கப்போட்டு வளத்திருக்கேன். போலீஸ்காரர் ஒருத்தரே வந்து கடலை குடுத்துட்டுப் போயிருக்காரு.

நீங்க எங்க இறங்கணும்? பாவூர்சத்திரமா? நானும் அங்கதான். சொந்த ஊரே அதுதானா? திருச்சியா! காய்கறி மார்க்கெட்டுக்கு வந்தீயளாக்கும். நல்லது, நல்லது. பக்கத்துல ஒரு ஆளு இருந்தா எனக்கும் தைரியமா இருக்கும்.

அங்கன பஸ் ஸ்டாண்டுல என் வீட்டுக்காரி நிப்பா. உலகம்மான்னு பேரு. அவ கையில இந்தக் கிளியைக் குடுக்கணும். குடுத்துட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு நான் திருநெல்வேலிக்குத் திரும்பிரணும். அதான் பேச்சு. "கிளியை மட்டும் கொண்டாங்க, பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கிடுதேன், நீங்க வீட்டுக்கு வர வேண்டாம்"னு சொல்லிட்டா. கட்டின புருசன்கிட்ட சொல்லுத பேச்சா தம்பி இது? நான் என்ன, கொலையா பண்ணினேன்?

குடுக்கலன்னா இது செத்துப்போவும். டாக்டரம்மா சொல்லிட்டாவ. குடுத்துட்டா, அந்த வீட்டுல எனக்குன்னு ஒரு சத்தம் கிடையாது. நீங்க சொல்லுங்க, நான் என்ன செய்ய?

நான் பேட்டையில மோட்டார் காயில் கட்டுத கடை வச்சிருக்கேன். பலவேசம் கடைன்னா தெரியாத ஆளு கிடையாது. கிணத்து மோட்டார், மாவு மில்லு மோட்டார் எல்லாம் நம்மகிட்டதான் வரும். அப்படி மோட்டார் கொண்டு வந்த சம்சாரி ஒருத்தர்தான் இதைத் துண்டுல பொதிஞ்சு கொண்டாந்தாரு. காத்துல முறிஞ்ச பனையை அறுத்திருக்காங்க, பொந்துக்குள்ள இது மட்டும் உசுரோட கிடந்திருக்கு. ஒரு ரோமம் கிடையாது. கண்ணு முழிக்கல. எங்களுக்குப் பிள்ளை இல்ல, அது அவருக்குத் தெரியும். வச்சுக்கிடுங்கன்னு குடுத்துட்டுப் போயிட்டாரு.

பிழைக்காதுன்னு நான் சொன்னேன். உலகம்மா கேக்கல. பொட்டுக்கடலையைத் திரிச்சு, வெந்நியில குழைச்சு, ஆள்காட்டி விரலு நுனியில வச்சு வச்சு ஊட்டினா. பழைய சேலையைக் கிழிச்சு மெத்தை பண்ணினா. மழை பெய்ஞ்சா மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருப்பா. பிழைச்சுட்டு. பச்சை வந்து, கழுத்துல ஆரம் வந்து, மூக்கு செக்கச்செவேல்னு ஆச்சு. அதுக்குப் பிறகு அது என் கிளி ஆயிட்டு. துரைன்னு நான்தான் பேரு வச்சேன்.

கிளி வளத்திருக்கீயளா நீங்க? இல்லையா. அப்போ சொன்னாப் புரியாது. தெருமுனையில என் வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், கூட்டுக்குள்ள தலைகீழாத் தொங்கி ஒரே ஆட்டம். தோளுல ஏறி உக்காந்து காது மடலைக் கவ்விக்கிட்டு கொர்கொர்னு ஏதோ கதை சொல்லும். வேர்க்கடலையை உதட்டுல வச்சு நீட்டினா, உதடு நோகாம எடுக்கும் பாருங்க, அம்புட்டுப் பக்குவம். குக்கர் விசில் அடிக்கும். உலகம்மா குளிச்சுக்கிட்டிருந்தவ ஓடியாருவா அடுப்பை அணைக்க. அடுப்பே பத்த வச்சிருக்க மாட்டா! நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

"துரை, தங்கம், எங்க அய்யால்லா, சாப்பிட்டியாய்யா"ன்னு நான் மணிக்கணக்கா அதுகிட்ட பேசிக்கிட்டிருப்பேன். கல்நெஞ்சுக்காரன் இல்ல தம்பி நான். எனக்கும் கொஞ்சத் தெரியும். உலகம்மா ஒரு நாளு கேட்டா, "இந்தக் கொஞ்சலையெல்லாம் இவ்வளவு காலம் எங்க வச்சிருந்தீங்க?"ன்னு. கிண்டல் பண்ணுதான்னு நினைச்சேன். வெஞ்சனத்துல உப்பு இல்லன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

வளக்கது லேசுன்னு நினைச்சிராதீங்க. விடியக்காலம் கத்த ஆரம்பிச்சா தெருவே முழிச்சுக்கிடும். டிவி வயரைக் கடிச்சுப் போட்டு, ஜன்னல் சட்டத்தைக் கொத்திப் போட்டு, விரிச்சு வச்ச பேப்பர் மேல போவாம சரியாத் தரையில எச்சம் போடும். எல்லாம் உலகம்மாதான் துடைப்பா. வீட்டைப் பூட்டிட்டு ஒரு இடம் போவ முடியாது. அவ அண்ணன் மக கல்யாணம் கோவில்பட்டியில நடந்துச்சு. கிளியைப் பாத்துக்கிட ஆளு வேணும்லா? அதனால அவ போவல. நான் போயி சீர் வச்சுட்டு, சாப்பிட்டுட்டு வந்தேன். நல்ல சாப்பாடு. அவளுக்கு லட்டு கொண்டாந்தேன். அதைக் கேக்க மாட்டாங்க, கொண்டாந்ததை யாரும் கேக்க மாட்டாங்க.

ஒருக்க பறந்து போயி எதுத்த வீட்டு வேப்பமரத்துல உக்காந்துட்டு. நான் துரை, துரைன்னு தொண்டை கிழியக் கூப்பிடுதேன், திரும்பிக்கூடப் பாக்கல. உலகம்மா முற்றத்துல வந்து நின்னு, "வாய்யா"ன்னு ஒரே வார்த்தை. இறங்கி அவ தலையில வந்து உக்காந்துட்டு. அன்னைக்கே கத்தரியை எடுத்து இறக்கையை நறுக்கிட்டேன். அதோட நல்லதுக்குத்தான் தம்பி. பூனை இருக்கு, காக்கா இருக்கு. அவ அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டா.

அப்புறந்தான் அந்த வார்த்தை.

திருச்சிக்காரருக்கு இது எப்படித் தோணும்னு எனக்குத் தெரியல. எங்க பக்கத்துல "சவத்து மூதி"ன்னு சொல்லுவோம், சவம், மூதேவிங்கத ஒண்ணாச் சேத்து. கேக்கப் பெருசா இருக்கும், உள்ள ஒண்ணுமே கிடையாது. காப்பி ஆறிட்டுன்னா சவத்து மூதி. சாவியைக் காணலன்னா சவத்து மூதி. சிநேகிதனைப் பாத்தாக்கூட, "ஏல மூதி, எங்கல போன இத்தனை நாளா?"ன்னு கட்டிப் பிடிச்சுக்கிடுவோம். எங்க அப்பா எங்க அம்மாவை ஆயுசு முழுக்க அப்படித்தான் கூப்பிட்டாரு. எங்க அம்மா என்ன, கோவிச்சுக்கிட்டு எங்கயும் போயிட்டாளா? அவ பேசவே மாட்டா, பாவம்.

நானும் உலகம்மாவை அப்படித்தான் சொல்லுவேன். வாயில அதுவா வரும். இது கூட்டுல இருந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. ஒரு நாளு நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், என் குரல்ல யாரோ கூப்பிடுதாவ. "ஏ உலகம்மா! சவத்து மூதி! காதுல விழலையா?" அச்சு அசலா என் குரலு. என் தொண்டைக் கரகரப்புகூட இருக்கு. எனக்குப் புரையேறிப் போச்சு சிரிச்சு.

அதுக்குப் பிறகு வீட்டுக்கு யாரு வந்தாலும் இதுதான் வேடிக்கை. நானே எடுத்துக் குடுப்பேன், அது சொல்லும், சொன்னா ஒரு கடலை. பலவேசம் அண்ணாச்சி வீட்டுக் கிளி பெண்டாட்டியை வையுதுன்னு பாக்கதுக்குன்னே வருவாங்க. உலகம்மா காப்பித் தட்டோட வரும்போது சரியாச் சொல்லும். எல்லாரும் சிரிப்பாங்க. அவளும் சிரிச்சான்னுதான் நினைக்கேன். முகத்தைப் பாக்கல. நான் கிளியைல்லா பாத்துக்கிட்டிருந்தேன்.

போன ஐப்பசியில, மதியச் சோத்துக்கு வீட்டுக்கு வாரேன், கதவு பூட்டியிருக்கு. பக்கத்து வீட்டுல சாவி. உள்ள சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் மூடி வச்சிருக்கு. துரைக்குக் கொய்யா நறுக்கி வச்சிருக்கு. "தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லச் சொன்னாவ"ன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லிச்சு. அவ தங்கச்சி கோமுவைப் பாவூர்சத்திரத்துலதான் கட்டிக் குடுத்திருக்கு. சரி, போயிட்டு வரட்டும்னு இருந்தேன். கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு. நான் கூப்பிடல. போனது அவ, நான் எதுக்குக் கூப்பிடணும்?

தை பிறந்தும் வரலன்னதும் போன் போட்டேன். கோமுதான் எடுத்தா. "அத்தான், அக்கா பேசுவா, ஆனா நீங்க நடுவுல பேசக் கூடாது"ன்னா. எனக்கே சட்டம் போடுதா பாருங்க. அப்புறம் இவ பேசினா. இப்பவும் காதுல நிக்கு.

"எனக்குன்னு பகல்ல கொஞ்ச நேரம் இருந்துச்சு. நீங்க கடைக்குப் போனதுல இருந்து சோத்துக்கு வார வரைக்கும். அந்த நேரத்துல என்னை யாரும் வைய மாட்டாங்க. அதை வச்சுத்தான் நான் இத்தனை வருஷம் ஓட்டினேன். இப்போ நீங்க வெளிய போனாலும் உங்க குரலு வீட்டுக்குள்ள, பட்டாசல்ல உக்காந்திருக்கு. கூட்டைத் துணி போட்டு மூடிப் பாத்தேன். இருட்டுக்குள்ள இருந்தும் வையுது. துரை மேல எனக்குக் கோவம் இல்ல, நான் ஊட்டி வளத்த பிள்ளை அது. ஆனா என்னால முடியல."

இவ்வளவு நீளமா அவ பேசி நான் கேட்டதே இல்ல தம்பி. ஒரு கிளி சொன்னதுக்கா வீட்டை விட்டுப் போவாங்க? அதைத்தான் கேட்டேன். "ஒரு கிளி சொன்னதுக்கா போன, சவத்து மூ..." பாதியில நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அதுக்குள்ள போனை வச்சுட்டா.

இதுல அதிசயம் என்னன்னா, அவ போன பிறகு துரை அந்த வார்த்தையை விட்டுட்டு. கடலையைக் காட்டி எடுத்துக் குடுக்கேன், என்னை ஒரு கண்ணால பாத்துட்டு அந்தக் கண்ணையும் மூடிக்கிடும். வண்டிச் சத்தம் கேட்டு ஆடுததும் நின்னுட்டு. அப்புறம் ஒரு சத்தம் ஆரம்பிச்சிச்சு. மூக்கை உறிஞ்சுத மாதிரி. உறிஞ்சி முடிச்சு, தொண்டைக்குள்ள ஒரு இழுவை. வாயை இறுக்கி மூடிக்கிட்டு முனங்குனா எப்படி இருக்கும், அப்படி. நான் சளின்னு நினைச்சேன். தூதுவளை வாங்கியாந்து சாறு பிழிஞ்சு குடுத்தேன். துளசி குடுத்தேன். கூட்டை அடுப்பங்கரைக்குள்ள மாத்தி வச்சேன், கதகதப்பா இருக்கட்டும்னு. அதுக்கு ஒண்ணும் கேக்கல. கூடத்தான் செஞ்சிச்சு.

அடுத்து ரோமத்தைப் பிடுங்க ஆரம்பிச்சிச்சு. தன் நெஞ்சைத் தானே கொத்திக் கொத்தி. காலையில எந்திரிச்சுப் பாத்தா கூட்டுக்கு அடியில பச்சையாக் கொட்டிக் கிடக்கும். இப்போ நெஞ்சுல வெறும் தோலு, உரிச்ச கோழி மாதிரி. அதான் துண்டு போட்டு மூடியிருக்கேன். பாத்தீயள்னா ராத்திரி சாப்பிட மாட்டீய. மிளகாய்ப்பழம்னா உசுரை விடும், அதையும் மூக்கால தள்ளிட்டு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கடையில மோட்டார் பிரிச்சுப் போட்டபடியே கிடக்கு.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். அந்த டாக்டரம்மா சின்ன வயசுதான், ஆனா நல்ல பொறுமை. முதல்ல சட்டத்தைச் சொல்லிக் கண்டிச்சாவ. அப்புறம் நெஞ்சுல குழாய் வச்சுப் பாத்தாவ. வாயைத் திறந்து பாத்தாவ. துரை மூச்சு காட்டல. செத்த நேரம் பேசாம இருங்கன்னுட்டு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, அவங்களும் கதவு ஓரத்துல நின்னாவ. அப்போ செஞ்சிச்சு. அந்த உறிஞ்சல், அந்த இழுவை, எல்லாம்.

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பாத்தாவ. "வீட்டுல யாரு அழுவாங்க?"

"எங்க வீட்டுல யாரும் அழ மாட்டாங்கம்மா"ன்னேன்.

"அண்ணாச்சி, இதுக்குச் சளி இல்ல. இது கேட்டதைச் சொல்லுது. தினமும் கேட்டாத்தான் இப்படி வரும். கூட இருந்தவங்க யாரும் போயிட்டாங்களா?"

இதை ஊட்டி வளத்தவ தங்கச்சி வீட்டுல இருக்கான்னேன். வனத்துறையில ஒப்படைக்கணும்னு சொன்னாவ. பிறகு அது நெஞ்சைப் பாத்துட்டு, "முதல்ல ஊட்டி வளத்தவங்க கையில கொண்டு குடுங்க, ரெண்டு வாய் தின்னா பிழைச்சுக்கிடும், இல்லன்னா கஷ்டம்"னாவ.

எனக்கு நம்பிக்கை வரல. டாக்டருக்குப் படிச்சவங்க ஆயிரம் சொல்லுவாங்க. மறுநாள் கடைக்குப் போற மாதிரி வீட்டைப் பூட்டிட்டு, வண்டியைத் தெருமுனையில விட்டுட்டு, பைய நடந்து வந்து அடுப்பங்கரை ஜன்னலுக்கு வெளிய நின்னேன். சொந்த வீட்டுல திருடன் மாதிரி. பிறகு மூக்கு உறிஞ்சல். பிறகு அந்த இழுவை. பிறகு, "எம்மா... எம்மா..." உலகம்மா குரலு. தம்பி, அவ அம்மா செத்து எத்தனையோ காலம் ஆச்சு.

நான் சுத்தி வந்து வாசல் கேட்டைத் தள்ளினேன். அது எண்ணெய் போடாத கேட்டு, கிறீச்சுன்னு கத்தும். உள்ள அழுகை சட்டுன்னு நின்னுட்டு. குழாய்ல தண்ணி விழுத சத்தம். முகத்துல தண்ணி அடிச்சுக் கழுவுத சத்தம். குழாய் இல்ல தம்பி, எல்லாம் கிளிதான். அப்புறம் தெளிவா, ஒண்ணுமே நடக்காத மாதிரி, "இந்தா வாரேன், சோறு எடுத்து வைக்கேன்."

அந்தக் குரலைக் கேட்டுட்டு எத்தனை வருஷம் நான் சோத்துக்கு உக்காந்திருக்கேன்! முகம் ஈரமா இருக்கும். வேர்வைன்னு நினைப்பேன். மூக்கு சிவந்திருக்கும். உனக்குச் சளியான்னுகூட ஒரு நாளும் கேட்டதில்ல. கிளிக்குத் தூதுவளை தேடி அலைஞ்சேன் பாருங்க.

நான் அடிச்சதில்ல தம்பி, அதையும் சொல்லிருதேன். ஒரு நாளும் கை நீட்டினதில்ல. குடிக்கதில்ல. நாலு பேரு என்னை நல்லவன்னுதான் சொல்லுவாங்க.

சரி, கெடுத்தது கிளிதானே, கிளியை வச்சே சரி பண்ணிருவோம்னு ஒரு யோசனை பண்ணினேன். கடையை அடைச்சுப் போட்டுட்டு கூட்டுக்கு முன்னால உக்காந்தேன். "உலகம்மா, வீட்டுக்கு வந்துரு. உலகம்மா, வீட்டுக்கு வந்துரு." இதைச் சொல்லிக் குடுத்தேன். அவ கையில கொண்டு குடுக்கும்போது துரை அதைச் சொன்னான்னு வைங்க, மனசு இளகாம இருக்குமா? தொண்டை கட்டுத வரைக்கும் சொன்னேன். செல்லுல பதிஞ்சு ஓட விட்டேன். கடலை, முந்திரி, ஆப்பிள் எல்லாம் காட்டினேன். ம்ஹூம். வைஞ்சதை அப்படியே புடிச்சுக்கிட்ட மூதி, இதைப் புடிக்க மாட்டேங்கு. கடைசியில எனக்குப் பொறுமை போயிட்டு. "வீட்டுக்கு வந்துருன்னு சொல்லித் தொலையேன், சவத்து மூதி!"ன்னு கத்திட்டேன். உடனே திருப்பிச் சொல்லிச்சு. கடைசி ரெண்டு வார்த்தையை மட்டும்.

என்ன கேக்கீய? நானே அவகிட்ட சொல்ல வேண்டியதுதானேன்னா?

நானா?

இல்ல தம்பி. அது உங்களுக்குச் சொன்னாப் புரியாது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எடு, வை, கொண்டா, வா, இவ்வளவுதான் எனக்குப் பேச்சு. வேணும்னு கேட்டுப் பழக்கமில்ல. கிளி சொன்னா அது பிள்ளை சொன்ன மாதிரி, அவ கேப்பா. நான் சொன்னா வேற மாதிரி வந்துரும். இப்போ உங்களை உலகம்மான்னு நினைச்சுச் சொல்லிப் பாக்கட்டுமா? சிரிக்கக் கூடாது. உலகம்மா, நீ... நீ இல்லாம... சரி, கிளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு.

பாத்தீயளா? கிளம்புன்னுதான் வருது.

இது என்ன ஊரு, ஆலங்குளமா? அதுக்குள்ள வந்துட்டா? இந்த டிரைவர் எதுக்கு இந்தப் பறப்பு பறக்கான்? உங்ககிட்ட மறைக்காமச் சொல்லுதேன், இங்கயே இறங்கித் திரும்பிரலாமான்னு இருக்கு. வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், கொஞ்ச நாளா நான் கடைக்கே போறதில்ல. போற மாதிரி போயிட்டு, அந்த ஜன்னலுக்குக் கீழ வந்து உக்காந்துக்கிடுதேன். அவ அழுகையைக் கேக்கதுக்கு. வேற எதுலயும் அவ குரலு இல்ல தம்பி அந்த வீட்டுல. அழுகையா இருந்தா என்ன, அவ குரலுல்லா? கேட்டு முடிச்சு, வாசல் கேட்டைத் தள்ளுவேன். "இந்தா வாரேன், சோறு எடுத்து வைக்கேன்"னு சொல்லும். நான் உள்ள போயி தட்டை எடுத்து வச்சு உக்காருவேன். யாரு வருவா? ஹோட்டல் பொட்டலத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பேன். இதையும் குடுத்துட்டா நான் என்னத்தைக் கேட்டுக்கிட்டு அந்த வீட்டுல இருக்க? பைத்தியம் பிடிச்சுரும்.

குடுக்காம இருந்தா ஒரு வாரம் கேக்கலாம். அதுக்கு மேல இது தாங்காது. கடிக்கும்னு சொன்னேன்லா, பொய். நேத்துல இருந்து கடிக்கக்கூட இல்ல. துண்டுக்குள்ள பைய விரலை விட்டுப் பாருங்க. சூடு இருக்கா? காயில் கட்டிக் கட்டிக் காய்ச்சுப்போன கை, எனக்குத் தெரிய மாட்டேங்கு. இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இருக்குல்லா? அப்பாடா. துரை, எய்யா, செத்த நேரம் பொறுத்துக்கோய்யா. உங்க அம்மைகிட்ட வந்துட்டோம். அம்மைகிட்டதான் போறோம்.

ஆமா, அம்மைன்னுதான் சொன்னேன். இப்பந்தான் சொல்லுதேன்.

வந்துட்டே. பாவூர்சத்திரம்தானே இது? எங்க நிக்கான்னு பாருங்க, எனக்குக் கண்ணு மங்கலாத் தெரியுது. அந்தா, பூக்கடைக்குப் பக்கத்துல ரெண்டு பொம்பளைய நிக்காவல்லா? பச்சைச் சேலை கோமு, என் கொழுந்தியா. அவகூட நிக்கது யாருன்னு தெரியல. பக்கத்து வீட்டுக்காரியா இருக்கும். உலகம்மா வரலையா? வாரேன்னுல்லா சொன்னா?

கொஞ்சம் இருங்க.

அது உலகம்மா.

தம்பி, அந்த ஜன்னலை இன்னும் நல்லாத் திறங்க. கேக்குதா உங்களுக்கு? சிரிக்கா. கோமு என்னமோ சொல்லுதா, அதுக்கு அவ வாயைத் திறந்து, தலையைச் சாய்ச்சுச் சிரிக்கா. ரோட்டுல நின்னு இவ்வளவு சத்தமாச் சிரிக்கா! எனக்கு அடையாளமே தெரியலையே. இப்படி ஒரு சத்தம் அவகிட்ட இருந்துச்சா? துரைக்கு எங்க வீட்டுச் சத்தம் அத்தனையும் தெரியும் தம்பி. குக்கரு தெரியும், குழாய் தெரியும், என் வசவு தெரியும், அவ அழுகை தெரியும். இது தெரியாது. எங்க வீட்டுல கேட்டிருந்தால்லா சொல்லும்?

எல்லாரும் இறங்குதாங்க. நீங்களும் எந்திரிங்க. தம்பி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், இதை நீங்களே கொண்டு போயி அவ கையில குடுத்துருங்க. நான் வரல. பயமெல்லாம் இல்ல. நான் இறங்கினா அந்தச் சிரிப்பு நின்னுரும், எனக்குத் தெரியும். நான் எங்கன்னு கேட்டா, கண்டக்டர்கிட்ட குடுத்துவிட்டாருன்னு சொல்லுங்க. கேக்க மாட்டா. கேட்டா சொல்லுங்க.

கூட்டுக்கு அடியில கையைக் குடுத்துப் பிடிங்க, ஆடினா அது பயப்படும். துண்டை அவளே எடுக்கட்டும். அது நெஞ்சைப் பாத்து அழுதுரப் போறா, டாக்டரம்மா ரோமம் முளைச்சுரும்னு சொன்னாங்கன்னு முதல்லயே சொல்லிருங்க. சொல்லல அவங்க, நீங்க சொல்லிருங்க.

கண்டக்டர், நான் இங்க இறங்கல, வண்டி போற தென்காசிக்கே ஒண்ணு குடுங்க.

போங்க தம்பி, வெரசாப் போங்க. அந்த ஜன்னலை மட்டும் அடைச்சிராதீங்க, வண்டி எடுக்க வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்கேன்.